உயரமும் ஊர்தியும்

என் உயரம் ஆறடி நான்கு அங்குலம். இதைப் பெருமைக்காகக் கூறவில்லை. இன்றைய பேச்சுக்கு வேண்டிய செய்தியாதலின் முதலிலேயே கூறிவிடுகிறேன். தலைமையாசிரியனுக்கு உயரம் ஒருவகையில் நன்மையே. காலை வழிபாட்டில் கடைசி வரிசையில் நின்று பேசுகிறவன் யார் என்பது மேடை ஏறாமலே தெரிந்துவிடும். ஆனால் பள்ளி வாயிலைக் கடந்து வெளியே வந்தால், உலகம் என் போன்றவர்களை எண்ணிச் செய்யப்பட்டதன்று என்பது விளங்கும். பழைய வீட்டு வாசல் நிலை, பேருந்தின் மேற்கம்பி, இரயில் பெட்டியின் மேல்படுக்கை ஆகிய எல்லாம் என் நெற்றியோடு உறவு கொண்டாடியவை. அவற்றைச் சிரித்து மறந்துவிட்டேன். காரை மட்டும் அவ்வாறு மறக்க இயலவில்லை.

2004-ஆம் ஆண்டில் நான் ஒரு சிற்றூர் உயர்நிலைப்பள்ளியில் தலைமையாசிரியனாக இருந்தேன். நாள்தோறும் பதினெட்டு கிலோமீட்டர் சென்று வரவேண்டியிருந்தமையால், பிறர் ஓட்டிய பழைய சிறு கார் ஒன்றை வாங்கினேன். விலையைப் பார்த்தேன், எஞ்சினைப் பார்த்தேன், சக்கரங்களையும் தட்டிப் பார்த்தேன். அதில் நான் அமர முடியுமா என்பதைப் பார்க்கவில்லை. இருக்கையை முற்றிலும் பின்னே தள்ளிய பிறகும் என் முழங்கால்கள் ஸ்டியரிங் சக்கரத்தின் இருபுறமும் தவளையின் கால்களைப் போல விரிந்து நின்றன. பழகிவிடும் என்றிருந்தேன்.

ஒருநாள் காலை. புளியமரச் சாலை. பக்கத்துச் சந்திலிருந்து எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் மிதிவண்டியில் திடீரென வெளிப்பட்டான். நான் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துப் பிரேக்கின்மேல் வைக்க முயன்றேன். முழங்கால் ஸ்டியரிங்கின் அடிப்புறத்தில் சிக்கிக்கொண்டது. ஒரு நொடியோ அதிற் பாதியோ, அவ்வளவுதான். கார் நின்றபோது அவனுடைய பின்சக்கரத்துக்கும் என் வண்டிக்கும் இடையே ஒரு சாண் இருந்தது. அவன் திரும்பிப் பார்த்து, "வணக்கம் ஐயா" என்று சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு போய்விட்டான். நான் வண்டியை ஓரமாக நிறுத்தி, மரத்தடியில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அன்று முதல் மணி எனக்காகக் காத்திராமல் அடித்தது.

அந்த ஒரு சாணைப் பற்றி எண்ணத் தொடங்கியதே இன்று உங்கள்முன் பேசும் பொருளுக்குத் தோற்றுவாய்.

கார் செய்வோர் உயரமானவர்களை ஏன் மறந்துவிடுகின்றனர்? மறக்கவில்லை, எங்கோ ஓரிடத்தில் கோடு கிழிக்கின்றனர். ஒரு நாட்டு மக்களுள் நூறு பேரை உயர வரிசையில் நிறுத்துவதாகக் கொள்ளுங்கள். பெண்கள் வரிசையில் ஐந்தாவதாக நிற்கும் குட்டையானவர் முதல், ஆண்கள் வரிசையில் தொண்ணூற்றைந்தாவதாக நிற்கும் நெட்டையானவர் வரை ஒரே இருக்கையில் அமர்ந்து ஓட்ட வேண்டும். இதுவே வண்டி வரைவோர் பெரும்பாலும் மேற்கொள்ளும் அளவு. அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்பவர்கள் தம் பாட்டைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கோட்டுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் எல்லாம் பொருந்திவிடுமா எனின், அதுவும் இல்லை. இங்கே ஒரு வரலாறு சொல்லவேண்டும். 1950-ஆம் ஆண்டில் அமெரிக்க விமானப்படையினர் 4,063 வானோடிகளின் உடலை அளந்தனர். விமானி அமரும் அறை அதுவரை 'சராசரி மனித'னுக்கென அமைக்கப்பட்டிருந்தது. கில்பர்ட் டேனியல்ஸ் என்னும் இளம் அதிகாரி அந்த அளவுகளிலிருந்து உயரம், மார்பளவு, கையின் நீளம் முதலாகப் பத்து அளவுகளை எடுத்துக்கொண்டார். ஒவ்வோர் அளவிலும் நடுவிலுள்ள முப்பது விழுக்காட்டினரைச் 'சராசரியினர்' என்று தாராளமாகவே வைத்துக்கொண்டு, பத்திலும் சராசரியாக இருப்பவர் எத்தனை பேர் என்று தேடினார். ஒருவர்கூட இல்லை. நாலாயிரத்து அறுபத்து மூவருள் ஒருவர்கூட இல்லை! ஒருவருக்குக் கை நீளம், கால் குறைவு. மற்றொருவருக்கு மார்பு அகலம், இடுப்பு ஒடுக்கம். 1952-இல் அவர் எழுதிய அறிக்கைக்குப் பின், இருக்கையையும் மிதிகளையும் ஆளுக்கேற்ப நகர்த்தி அமைக்கும் முறை விமானங்களில் வலுப்பெற்றது. இன்று கார் இருக்கையை முன்னும் பின்னும் தள்ளுகிறோமே, அச்செயலுக்குப் பின்னால் இந்த எண்ணம் இருக்கிறது.

இதை நான் படித்தபோது எனக்கு வானோடிகள் நினைவுக்கு வரவில்லை. என் பள்ளியின் கடைசிப் பெஞ்சு நினைவுக்கு வந்தது. அதில் அமர்ந்திருந்த நெட்டைப் பையன் ஒருவனைக் காலை நடைவழியில் நீட்டியதற்காகப் பலமுறை கண்டித்திருக்கிறேன். மறுநாள் அடிக்கோலை எடுத்துச் சென்று அந்த மேசையின் கீழ் அளந்தேன். அவன் முழங்காலுக்கு அங்கே இடமே இல்லை. நானே அந்த உயரத்தில் வளர்ந்தவன், எனக்கே தோன்றாமற்போயிற்று.

சரி, காருக்கு வருவோம். 'உயரம்' என்று ஒரே சொல்லால் சொல்லுகிறோமேயன்றி, காருக்குள் அது இரண்டாகப் பிரிகிறது. அமர்ந்த நிலையில் இருக்கையிலிருந்து உச்சந்தலை வரை ஓர் அளவு; இடுப்பிலிருந்து குதிகால் வரை மற்றோர் அளவு. என் மைத்துனர் என்னைவிட ஆறங்குலம் குட்டை. ஆனால் கலியாணப் பந்தியில் இருவரும் அருகருகே சம்மணமிட்டு அமர்ந்தால் தலைகள் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும். என் உயரமெல்லாம் காலில். அவர் உயரமெல்லாம் உடம்பில். அவருக்குக் கூரை இடிக்கும் கார் ஒன்றில் என் தலைக்கு இடமிருந்தது, முழங்காலுக்கு இல்லை. ஆகையால் "உயரமானவருக்கு எந்தக் கார் நல்லது?" என்னும் கேள்விக்கு விடையே கிடையாது. எந்த உயரமானவர் என்று முதலில் கேட்கவேண்டும்.

இருக்கையின் தடத்தை இன்னும் நீளமாக அமைத்தால் என்ன என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். முன்னிருக்கை பின்னே செல்லச் செல்ல, பின்னால் அமர்பவரின் முழங்கால் நெருக்கப்படும். காரின் நீளத்தையே கூட்டலாமே எனின், அதற்கு வரி குறுக்கே நிற்கும். 2006-ஆம் ஆண்டின் நடுவணரசு வரவுசெலவுத் திட்டத்தில், நான்கு மீட்டருக்கு உட்பட்ட நீளமும் சிறிய எஞ்சினும் உடைய கார்களுக்குச் சுங்கத் தீர்வையைப் போலன்றி உள்நாட்டில் விதிக்கப்படும் உற்பத்தி வரி குறைக்கப்பட்டது. அதன்பின் நம் நாட்டில் நான்கு மீட்டரைத் தாண்டாமல் கார் செய்வதே ஒரு கலையாகிவிட்டது.

நீளத்தைக் கூட்ட இயலாவிடின் இடத்தை எங்கிருந்து பெறுவது? பிரிட்டனில் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியாளர் ஒரு வழி கண்டார். 1959-இல் வெளிவந்த 'மினி' காரின் நீளம் பத்தடிதான். அதில் எஞ்சினைக் குறுக்குவாட்டில் திருப்பி வைத்து, முன்சக்கரங்களை இயக்கச் செய்து, தரைப்பரப்பில் ஏறக்குறைய எண்பது விழுக்காட்டை ஆட்களுக்கும் மூட்டைகளுக்கும் விட்டுவிட்டார். இன்றைய சிறு கார்களுட் பெரும்பாலானவை அவ்வழியே செல்கின்றன.

மற்றொரு வழி மேல்நோக்கிச் செல்வது. இதை விளக்க உங்கள் கணக்குப் புத்தகத்தில் உள்ள பைதகோரஸ் போதும். இடுப்பிலிருந்து குதிகால் வரை, சற்று மடங்கிய நிலையில், நேர்க்கோட்டுத் தொலைவு 90 சென்டிமீட்டர் என்று கொள்க. இருக்கை தரையிலிருந்து 20 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், கால் முன்னோக்கிப் பிடிக்கும் இடம் 87.7 சென்டிமீட்டர். இருக்கையை 35 சென்டிமீட்டருக்கு உயர்த்தினால் அது 82.9 ஆகிறது. ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் மிச்சம். இதைச் சிறிதென எண்ண வேண்டா. அந்தப் பையனைக் காப்பாற்றிய சாணில் இது நான்கில் ஒரு பங்கு. இன்னும் பாருங்கள். இடுப்பு முதல் தோள் வரை 60 சென்டிமீட்டர் உடையவர், செங்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்து அமர்ந்தால் பின்னோக்கி 30 சென்டிமீட்டர் பிடிப்பார். 20 பாகையே சாய்ந்தால் 20.5 போதும். இரண்டும் சேர்ந்து பதினான்கு சென்டிமீட்டருக்குமேல் கிடைத்துவிடுகிறது. சாய்வு நாற்காலியில் கிடப்பவனைவிட முக்காலியில் நிமிர்ந்திருப்பவன் குறைந்த இடத்தை அடைக்கிறான் என்பதன் கணக்கு இது. ஆனால் கூரையை அதற்கேற்ப உயர்த்தவேண்டும். உயர்ந்த கார் பக்கக் காற்றுக்கு அசையும், வளைவில் சற்றுச் சாயும். இலவசமாக எதுவும் இல்லை.

1998-இல் நம் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலிருந்து புறப்பட்ட 'சான்ட்ரோ'வும், 1999-இல் இந்தியாவுக்கு வந்த 'வேகன் ஆர்' காரும் இவ்வாறு நிமிர்ந்து நின்ற கார்களே. முதலில் பலர் அவற்றின் தோற்றத்தை எள்ளினர். ஏறி அமர்ந்த பின் எள்ளவில்லை. 1998-இலேயே வெளிவந்த 'இண்டிகா'வைப் பற்றி ரத்தன் டாட்டா வைத்திருந்த நோக்கமும் கருதத்தக்கது. வெளியே சிறு காரின் அளவு, உள்ளே அம்பாசிடரின் இடம் என்பதே அது. உத்தரபாராவில் 2014 வரை செய்யப்பட்ட அந்த அம்பாசிடர், பிரிட்டிஷ் 'மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு' காரின் வழிவந்தது. நாற்காலி போன்ற உயர்ந்த இருக்கையும் குவிந்த கூரையும் உடையது. என் நெடிய வாழ்வில் நான் குனியாமல் அமர்ந்த முதற் கார் அதுதான்.

பிரான்ஸ் நாட்டில் சித்ரோயன் நிறுவனத் தலைவராயிருந்த பியர் பூலாஞ்சே நெடிய மனிதர். உழவர்களுக்கென ஒரு மலிவான கார் செய்யச் சொன்ன அவர், உழுத நிலத்தின் குறுக்கே ஒரு கூடை முட்டையை உடையாமல் கொண்டுசெல்ல வேண்டும் என்று கட்டளையிட்டார். மாதிரி வண்டிகளில் தலையில் தொப்பியோடு தாமே ஏறி அமர்வார், தொப்பி கூரையில் பட்டு நழுவினால் அந்த மாதிரியைத் தள்ளிவிடுவார் என்றும் கூறுவர். 1948-இல் பாரிசில் காட்சிக்கு வந்த '2சிவி' கார் அப்படிப் பிறந்தது. நெட்டையானவர் தலைவராக அமைவதால் விளையும் நன்மைகளுள் இதுவும் ஒன்று!

அமைப்பாளர் மறந்துவிட்டால் சுத்தியல் உதவும். 1967-இல் பிரான்சின் லெமான் நகரில் இருபத்துநான்கு மணி நேரப் பந்தயத்தை வென்றவர்கள் டேன் கர்னியும் ஏ. ஜே. ஃபாய்ட்டும். அவர்கள் ஓட்டியது ஃபோர்டு ஜிடி-40 வரிசையில் வந்த கார். தரையிலிருந்து நாற்பது அங்குலமே உயரம் என்பதால் அவ்வரிசைக்கு அந்தப் பெயர். கர்னியோ ஆறடிக்குமேல் உயர்ந்தவர். தலைக்கவசம் அணிந்தால் கூரை இடித்தது. ஆகவே கூரையில் அவர் தலைக்கு நேரே குமிழ் போல ஒரு புடைப்பு அமைத்துவிட்டனர். அந்தக் குமிழுடனேயே கார் வென்றது.

இச்செய்திகளையெல்லாம் அறிந்த பின்னரே அடுத்த காரைத் தேடச் சென்றேன். கையில் மடக்கும் அடிக்கோல் ஒன்று வைத்திருந்தேன். விற்பனைக் கூடத்து இளைஞர் என்னைத் தச்சர் என்று நினைத்திருக்க வேண்டும். நான் செய்தவற்றைச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் நெட்டையானவர் எவரேனும் கார் வாங்கப் புறப்பட்டால் உடன் செல்லுங்கள். நாள்தோறும் அணியும் செருப்புடன் ஏறினேன். பிரேக்கை முழுதும் அழுத்தினேன். அப்போதும் முழங்கால் சற்று மடங்கியிருத்தல் வேண்டும். முதுகைச் சாய்வில் ஒட்டவைத்துக் கையை நீட்டினேன். மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல்விளிம்பில் படவேண்டும். ஸ்டியரிங் மேலும் கீழும் அசைவதோடு நம்மை நோக்கி நீண்டும் வருமானால், நீண்ட காலுடையவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. காலுக்காக இருக்கையைப் பின்னே தள்ளியவன், கை எட்டவில்லையென்று கூன்போட வேண்டியிராது. மார்புக்கும் ஸ்டியரிங்கின் நடுவுக்கும் 25 சென்டிமீட்டரேனும் விட்டேன். மோதலில் காற்றுப்பை வெடித்து விரிவதற்கு அவ்விடம் வேண்டும். பிறகு, மிக முக்கியமாக, ஸ்டியரிங்கை இருபுறமும் முழுதும் திருப்பிக்கொண்டே வலக்காலை ஆக்சிலரேட்டருக்கும் பிரேக்குக்கும் இடையே பத்துமுறை மாற்றினேன். எங்கும் இடிக்கவில்லை.

தலைத்தாங்கியைப் பலர் தூங்குவதற்கென நினைக்கின்றனர். பின்னாலிருந்து வேறொரு வண்டி மோதும்போது கழுத்து பின்னே ஒடியாமல் தடுப்பதே அதன் வேலை. அதன் உச்சி நம் தலையின் உச்சிக்கு ஒப்ப வரவேண்டும். நான் பார்த்த சில கார்களில் அது என் தோளுக்குச் சற்று மேலே நின்றுவிட்டது. அவற்றை உடனே விட்டுவிட்டேன். கூரையில் கண்ணாடித் திறப்பு வைத்த கார்களையும் விட்டேன். அதன் சட்டம் தலைக்குமேலுள்ள இடத்தில் ஓர் அங்குலமேனும் விழுங்கிவிடுகிறது. சாலைச் சந்தியில் முன்வரிசையில் நின்றால் விளக்கு தெரிகிறதா என்பதும் பார்க்கத்தக்கதே. முன்கண்ணாடியின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்குத் தாழ்ந்திருந்தால், பச்சை விழுந்ததா என்று கொக்கைப் போலக் குனிந்து பார்க்கவேண்டும். பின்னால் நிற்பவர் ஒலிப்பானை அழுத்தியே நமக்குத் தெரிவிப்பார்.

இவற்றையெல்லாம் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடக் கூடாது. ஐந்து நிமிடத்தில் எந்த இருக்கையும் மெத்தைபோலவே தோன்றும். தொடைக்குக் கீழே தாங்கல் இல்லாமை அரைமணி கழித்தே தெரியும். அந்த இளைஞர் பொறுமையுடையவர். எனக்குத் தேநீர் தந்துவிட்டுக் காத்திருந்தார்.

பழைய காரைப் பற்றி ஒன்று சொல்ல மறந்தேன். பட்டறைக்காரர் ஒருவர், இருக்கையின் தடத்தை அறுத்து மூன்றங்குலம் பின்னே தள்ளிப் பற்றவைத்துத் தருவதாகச் சொன்னார். மிகவும் ஆசையாக இருந்தது. ஆனால் மோதலின்போது ஆளையும் இருக்கையையும் பிடித்து நிறுத்துவன அந்தத் தடமும் அதன் திருகாணிகளுமே. ஆதலால் உடன்படவில்லை. காரை என் மனைவியின் தம்பி மகனுக்குக் கொடுத்துவிட்டேன். அவனுக்கு ஐந்தடி ஐந்தங்குலம். குறை ஒன்றும் சொல்லவில்லை.

புதிய காரில் என் கால்களுக்கு இடமிருக்கிறது. ஆனால் வீட்டில் அதை ஓட்டுபவர் நான் ஒருவன் அல்லேன். என் மனைவியின் உயரம் ஐந்தடி. அவர் சந்தைக்குச் சென்றுவந்தால் இருக்கை முன்கோடியில், மிக உயர்ந்து நிற்கும். அதை நினைவில் வைக்காமல் விடியற்காலையில் அவசரமாகக் கதவைத் திறந்து உட்காரப் போகிறேன். முழங்கால் முதலில் ஸ்டியரிங்கில் இடிக்கிறது, பிறகு தலை கூரையில். இவ்வாரத்தில் மட்டும் இருமுறை.