கடவுச்சொல் கேட்காத கதவு



நம் பள்ளி விடுதியில் தங்கிப் படித்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலின் அருமை தெரியும். பாலக்கோட்டிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் பெற்றோர் வந்து வாசலில் நிற்பார்கள். விடுதி சிஸ்டர் உடனே உள்ளே விடமாட்டார். சேர்க்கை நாளன்று பெற்றோர் போட்ட மாதிரிக் கையெழுத்து ஒரு நோட்டில் இருக்கும். வந்தவரைப் புதிதாக ஒரு கையெழுத்துப் போடச் சொல்லி, இரண்டையும் ஒத்துப் பார்த்த பிறகே நம்மை அழைப்பார். "எம் பொண்ணப் பாக்க எனக்கே கையெழுத்தா?" என்று என் அப்பா ஒவ்வொரு முறையும் முணுமுணுப்பார்.

இன்று நான் ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கணிப்பொறிகளைப் பராமரிக்கும் பணியில் இருக்கிறேன். அங்கும் அதே போன்ற ஒரு நோட்டு உண்டு. அதனால் நான் பட்ட பாட்டை நம் ஆண்டு மலரில் எழுதினால் உங்களுக்குப் பயன்படும் என்று தோன்றியது.

பலருக்கும் பொதுவாக ஓயாமல் வேலை செய்யும் கணிப்பொறியைச் சர்வர் என்பார்கள். எங்களிடம் இரண்டு உள்ளன. முதல் சர்வரில் உள்ள வருகைப் பதிவும் சம்பளக் கணக்கும் ஒவ்வோர் இரவும் 2 மணிக்கு இரண்டாவது சர்வருக்கு நகலாகச் சென்று சேரவேண்டும். இரண்டாவது சர்வரோ, உள்ளே வர விரும்புபவரிடம் கடவுச்சொல் கேட்கும். இரவு 2 மணிக்கு யார் உட்கார்ந்து தட்டச்சு செய்வது? கடவுச்சொல்லை நிரலுக்குள்ளேயே எழுதி வைப்பது, வீட்டைப் பூட்டிச் சாவியை நிலைப்படியில் வைத்துவிட்டுப் போவதற்குச் சமம்.

ஒரு காலத்தில் டெல்நெட் என்னும் முறையில் கடவுச்சொல் தபால் அட்டையில் எழுதியது போலத் திறந்தபடியே கம்பி வழியே போய்க்கொண்டிருந்தது. 1995ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டின் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ ஒளிந்திருந்து கடவுச்சொற்களைத் திருடினார்கள். அங்கு ஆராய்ச்சி செய்துவந்த டாட்டு யூலேனன், இதற்கு மாற்றாக எஸ்.எஸ்.எச். என்னும் முறையை எழுதி, அதே ஆண்டில் இலவசமாகவே வெளியிட்டார். இன்று பெரும்பாலான சர்வர்களில் இருப்பது 1999இல் வந்த ஓப்பன் எஸ்.எஸ்.எச். என்னும் அதன் வழித்தோன்றல்.

இதில் கடவுச்சொல்லுக்குப் பதில் ஒரு ஜோடிச் சாவியைப் பயன்படுத்தலாம். ஒன்று அந்தரங்கச் சாவி. அது முதல் சர்வரை விட்டு வெளியே போகாது. மற்றது பொதுச் சாவி. அதை இரண்டாவது சர்வரில் 'ஆதரைஸ்டு கீஸ்' என்ற கோப்பில் ஒரே வரியாக எழுதி வைக்கவேண்டும். அந்தக் கோப்புதான் விடுதி நோட்டு; பொதுச் சாவிதான் மாதிரிக் கையெழுத்து. வருபவர் தம் அந்தரங்கச் சாவியால் புதிதாக ஒரு கையெழுத்துப் போடுவார். அதைச் சர்வர் சரிபார்க்கும். பேனாக் கையெழுத்தை நாலு நாள் பழகினால் போலியாகப் போட்டுவிடலாம். இங்கே பொதுச் சாவியை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தாலும் அந்தரங்கச் சாவியைக் கண்டுபிடிக்க முடியாது. இடையில் நிற்பது அவ்வளவு கடினமான கணக்கு. (கணக்கு டீச்சர் பகா எண்களைப் பற்றிச் சொல்லும்போது கொட்டாவி விடாதீர்கள். ஆர்.எஸ்.ஏ. என்னும் வகைச் சாவிக்கு அவையே ஆதாரம்.)

இனி என் கதை. ஒரு மாதம் 4ஆம் தேதி காலையில் முதல் சர்வரில் இருந்த சம்பளக் கோப்பு கெட்டுப்போயிருந்தது. 7ஆம் தேதி சம்பளம் தரவேண்டும். நகல் இருக்கிறதே என்று இரண்டாவது சர்வரைத் திறந்தால், கடைசி நகல் ஒன்பது நாளுக்கு முந்தியது! அந்த ஒன்பது இரவும் சர்வர் கடவுச்சொல் கேட்டிருக்கிறது. பதில் சொல்ல ஆளில்லாமல் நகல் வேலை நின்றுபோயிருக்கிறது. எனக்குக் கை கால் ஓடவில்லை.

சாவிதான் கெட்டது என்று நினைத்துப் புதிய சாவி செய்தேன். மறுபடியும் கடவுச்சொல் கேட்டது. மூன்று முறை செய்தும் அதே பதில்தான். அனுபவமில்லாதவர்கள் எல்லோரும் செய்யும் தவறு இது. வெளியே நிற்பவரிடம் சர்வர் காரணம் சொல்லாது. சொன்னால் திருடனுக்கும் அது உதவும். காரணத்தைத் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கும். உபுண்டு போன்றவற்றில் அது 'ஆத் லாக்', ரெட் ஹேட் வகையில் 'செக்யூர்' என்ற கோப்பு. மதியம்தான் எனக்கு அதைப் பார்க்கும் புத்தி வந்தது. ஹோம் ஃபோல்டரின் உரிமையோ அனுமதியோ சரியில்லை, ஆகவே மறுக்கிறேன் என்று ஒரே வரியில் எழுதியிருந்தது.

ஹோம் ஃபோல்டர் என்பது ஒரு பயனருக்குரிய அறை. அதற்கு உடையவர், குழுவினர், மற்றவர் என்று மூவருக்கும் தனித்தனி அனுமதி எண் உண்டு. படிக்க 4, எழுத 2, உள்ளே நுழைய 1, கூட்டினால் 7. பத்து நாளுக்கு முன் உடன் வேலை செய்யும் தம்பி ஒருவர், "அக்கா, அந்த ஃபோல்டர்ல ஒரு ஃபைல் வைக்கணும், விடமாட்டேங்குது" என்றார். நான் அவசரத்தில் 777 கொடுத்துவிட்டேன். யாரும் எழுதலாம் என்று பொருள். யாரும் எழுதக்கூடிய அறையில் நோட்டு இருந்தால், எவரும் அதை எடுத்துவிட்டுத் தம் கையெழுத்துள்ள வேறு நோட்டை வைத்துவிடலாமல்லவா? வராந்தாவில் கிடக்கும் நோட்டை நம் விடுதி சிஸ்டர் நம்பியிருப்பாரா? சர்வரும் நம்பவில்லை.

"ஸ்ட்ரிக்ட் மோட்ஸ் என்ற அந்தச் சோதனையையே நிறுத்திவிடுங்கள், வேலை முடிந்தது" என்று ஒருவர் யோசனை சொன்னார். இந்த யோசனை எங்கும் தாராளமாகக் கிடைக்கும். நான் கேட்கவில்லை. ஹோம் ஃபோல்டருக்கு 755, சாவிகள் உள்ள ஃபோல்டருக்கு 700, நோட்டுக்கு 600 என்று மாற்றினேன். கதவு திறந்தது. அந்தரங்கச் சாவிக்கும் 600தான். அதைப் பிறர் படிக்க முடிந்தால் எஸ்.எஸ்.எச். அதைத் தொடவே மறுக்கும்.

வேறு காரணங்களும் உண்டு. ஒட்டும்போது சாவியின் நீண்ட வரி இரண்டாக உடைந்திருக்கலாம். அப்பா பெயர் நோட்டில் இருக்க, சித்தப்பா வந்து நிற்பது போல, இரவு வேலை வேறு பயனர் பெயரில் ஓடலாம். பழைய முறையில் கையெழுத்திடும் ஆர்.எஸ்.ஏ. சாவியை 2021இல் வந்த ஓப்பன் எஸ்.எஸ்.எச். 8.8 முதல் இயல்பாக ஏற்பதில்லை, அதற்கு ஈ.டி. 25519 வகைச் சாவி செய்துகொள்வது நல்லது. வீட்டில் லினக்ஸ் உள்ள மடிக்கணினி இரண்டு கிடைத்தால், விடுமுறையில் நீங்களே செய்து பார்க்கலாம். 2011 முதல் தமிழக அரசு தந்த விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது. நான் கற்றதும் அப்படித்தான்.

விடுபட்ட ஒன்பது நாள் வருகையை, டைம் ஆபீஸ் பதிவேட்டைப் பார்த்து நானும் அந்தத் தம்பியும் இரண்டு இரவு உட்கார்ந்து கையால் ஏற்றினோம். 7ஆம் தேதி மாலை சம்பளம் போய்ச் சேர்ந்தது. இப்போது நகல் போனாலும் போகாவிட்டாலும் காலை 6 மணிக்கு எனக்கு ஒரு செய்தி வரும்படி செய்திருக்கிறேன்.

அந்த வாரம் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த சிஸ்டர் இப்ப எங்கம்மா இருக்காங்க?" என்றார்.