களரி வளர்த்த மீனாட்சி அம்மையார்



தற்காப்புக் கலை என்றவுடன் நம் நினைவுக்கு வருவது சிலம்பம். பால்மரம் சீவ ஜொகூர்த் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர், தம்மோடு கோயிலையும் கூத்தையும் கொண்டுவந்தது போலவே சிலம்பக் கோலையும் கொண்டுவந்தனர். நான் சிறுவனாயிருந்த காலத்தில், எங்கள் தோட்டத்துக் கோயில் திடலில் பெரியவர் ஒருவர் மாலை வேளைகளில் சிலம்பம் கற்பித்தார். என் அக்காளும் கற்க விரும்பினாள். "பெண்பிள்ளைக்கு எதற்குக் கம்பு?" என்று அவளைத் திருப்பி அனுப்பிவிட்டனர். அன்று அதனைப் பிழையென்று சொல்வார் எவருமிலர், நானும் சொல்லவில்லை.

அக்கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாக அளித்த ஓர் ஆசிரியையைப் பற்றி நீங்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். அவர் கேரள மாநிலம் வடகரையைச் சேர்ந்த மீனாட்சி அம்மையார். அவர் கற்பித்த கலை களரிப்பயிற்று.

களரி என்பது பயிற்சிக்கூடம். மரபுப்படி 42 அடி நீளமும் 21 அடி அகலமும் உடையதாய், தரைமட்டத்திற்குக் கீழே மண்ணைத் தோண்டி அதனை அமைப்பர். அங்குக் கற்பிக்கும் ஆசானைக் குருக்கள் என்று அழைப்பர். கோயில் அருச்சகரைக் குறிக்கும் சொல்லென்று மயங்க வேண்டா. பயிற்சி நான்கு படிகளை உடையது. முதற்படியில் உடல் வளைந்து பணியுமாறு பழக்கப்படும். இரண்டாம் படியில் மரக்கோல்களும், மூன்றாம் படியில் வாள், கேடயம், சுருள்வாள் முதலிய உலோக ஆயுதங்களும் கைக்கு வரும். ஆயுதமின்றி வெறுங்கையால் தற்காத்துக் கொள்வதே இறுதிப்படி. வாளைப் பிடிக்கப் பொறுமையும், அதனைக் கீழே வைக்க அதனினும் மிக்க பொறுமையும் வேண்டும் என்பதை இவ்வரிசையே நமக்கு உணர்த்துகின்றது.

பழசி இராசாவின் கிளர்ச்சி 1805ஆம் ஆண்டில் அடக்கப்பட்ட காலத்தில், ஆங்கிலேயர் மலபார் மக்களின் ஆயுதங்களைப் பறித்தனர். களரிகள் நலிந்தன. ஒருசில குருக்கள்மார் மறைவாகக் காத்து வந்தமையால்தான் இக்கலை பிற்காலத்தில் மீண்டும் தளிர்த்தது.

ஆயினும், தளிர்த்த கலையின் வாயில் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. வடகரையில் இராகவன் என்னும் இளைஞர் களரி கற்க விரும்பிச் சென்றபோது, சாதியைக் காரணம் காட்டி அவரை மறுத்துவிட்டனர். அவர் மனம் சோரவில்லை, எவரையும் ஏசவுமில்லை. இந்தியா விடுதலை பெற்ற இரண்டாண்டுகளில், 1949இல், கடத்தநாடன் களரிச் சங்கத்தைத் தோற்றுவித்தார். சாதி, சமயம், ஆண், பெண் என்ற வேறுபாடின்றி எவரும் அங்குக் கற்கலாம். தம்மை வெளியே நிறுத்திய கதவைப் போன்ற இன்னொரு கதவை அவர் தம் களரிக்கு அமைக்கவில்லை. அதுவே அவருடைய பெருமை.

அக்களரிக்கு ஏழு வயதுச் சிறுமியாக வந்து சேர்ந்தவரே மீனாட்சி. நடனம் பயின்று வந்த மகளின் உடல் நன்கு வளைந்து கொடுக்கட்டும் என்று எண்ணித் தந்தையார் அவரைக் கொண்டுவந்து விட்டார். பூப்பெய்தியதும் பெண்கள் களரியை விட்டு விலகுவது அக்கால வழக்கம். மீனாட்சியோ விலகவில்லை, தந்தையாரும் தடுக்கவில்லை. பின்னர்த் தம் ஆசானாகிய இராகவன் குருக்களையே மணந்தார். அவர்கள் பெற்ற மக்கள் நால்வரும் களரி பயின்றனர்.

2007ஆம் ஆண்டில் இராகவன் குருக்கள் மறைந்தார். துணையை இழந்த அம்மையார் களரியின் வாயிலை மூடிவிடவில்லை. தாமே குருக்களாகிப் பொறுப்பை ஏற்றார். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, வாளும் கேடயமும் ஏந்தித் தம்மினும் மிக இளையவர்களோடு அவர் பொருதிய காட்சியைக் கண்டு உலகமே வியந்தது.

மாதக் கட்டணம் பெறாமல் கற்பிப்பது அக்களரியின் வழக்கம். பயிற்சி நிறைவுற்றபின், மாணவர் தம்மால் இயன்றதைக் குருதட்சிணையாக அளிப்பர். கொடுக்க வழியில்லாத வீட்டுப் பிள்ளையும், வசதி படைத்த வீட்டுப் பிள்ளையும் ஒரே மண்ணில் நின்று பயில்வர். ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரை, மழைக்காலமே பயிற்சிக்குரிய காலம். அப்பருவத்தின் குளிர்ச்சியில், எண்ணெய் தேய்த்த உடல் எளிதில் வளைந்து கொடுக்கும் என்பர்.

2017ஆம் ஆண்டில் இந்திய அரசு அம்மையாருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது. அப்போது அவர் 70 வயதைக் கடந்திருந்தார். விருது வந்தது 2017இல்தான். அதற்கு முன்னரே எத்தனையோ மழைக்காலங்கள் அவர் அக்களரியில் மண் மிதித்து உழைத்திருந்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

கலை வாழ்வதற்கு வீரர் மட்டும் போதார். நாள்தோறும் வாயிலைத் திறந்து வைப்பாரும் வேண்டும். நம் நாட்டுச் சிலாட் கலையை 2019ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பண்பாட்டு மரபாக ஏற்றது. அக்கலையும் ஆசானிடமிருந்து மாணவனுக்கு வழிவழியாக வந்ததே. எங்கள் தோட்டத்துச் சிலம்ப வகுப்போ, மக்கள் வேலை தேடி நகரங்களுக்குக் குடிபெயர்ந்ததும் நின்றுபோயிற்று. கற்றிருந்த ஆண்பிள்ளைகள் திசைக்கொருவராய்ப் பிரிந்தனர். அன்று அக்காளும் அவளையொத்த பெண்களும் கற்றிருப்பின், அவர்தம் பிள்ளைகளிடமாவது அக்கலை எஞ்சியிருக்குமோ என்று இன்று எண்ணிப் பார்க்கிறேன்.

சென்ற ஆண்டு நம் பள்ளி மாணவியர் நால்வர் என் அறைக்கு வந்து, "ஐயா, நாங்களும் சிலம்பம் கற்கலாமா?" என்று கேட்டனர். "பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பினேன். அதுவும் ஒருவகை மறுப்பே என்பதை மீனாட்சி அம்மையாரின் வரலாற்றைப் படித்தபின்னரே உணர்ந்தேன். இவ்வாண்டு முதல் நம் பள்ளித் திடலில் நடைபெறும் சிலம்பப் பயிற்சியில் மாணவியரும் சேரலாம். பெற்றோர்கள் தடை சொல்லாது அனுப்பி வைக்குமாறு அன்புடன் வேண்டுகிறேன்.

மாணவச் செல்வங்களே, கோலை ஏந்தும் கை பணிவையும் ஏந்தட்டும். நீங்கள் கற்றதை, கேட்டு வரும் எவருக்கும் மறுக்காது கற்பியுங்கள்.