ஸ்டோர்ஸில் பத்து வருஷம், பர்ச்சேஸில் பத்து வருஷம்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் இரண்டு பேர் ஒரே நாளில் வேலைக்குச் சேருகிறார்கள். ஒருவர் ஸ்டோர்ஸில், இன்னொருவர் பர்ச்சேஸில். பத்து வருஷம் கழித்து இருவருக்கும் அனுபவம் ஒன்றுதான். சம்பளம் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது.

'சப்ளை செயின் மேனேஜ்மென்ட்' என்ற சொல் 1982-இல் கீத் ஆலிவர் என்ற ஆலோசகரால் பரவியது. அதுவரை வாங்குவது, அடுக்குவது, அனுப்புவது எல்லாம் தனித்தனி அறைகள். பெயர் ஒன்றாகிவிட்டாலும் சம்பளம் இன்னும் அந்தப் பழைய அறைகளின் கணக்கில்தான் போகிறது. அமெரிக்க அரசின் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை 2024 மே மாதத்துக்குத் தந்த ஆண்டுச் சம்பளங்களைப் பாருங்கள். சரக்கு நகர்வைத் திட்டமிடுகிறவருக்குச் சுமார் 81,000 டாலர். போக்குவரத்தும் கிடங்கும் பார்க்கும் மேலாளருக்கு 1,02,000. கொள்முதல் மேலாளருக்கு 1,39,000-க்கு மேல். இவை மூன்றும், அந்தந்த வேலையில் பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் கீழும் வாங்கும் நடுத்தொகைகள்.

காரணம் எளிது. கார் தயாரிப்பு போன்ற தொழிலில் செலவின் பெரும்பகுதி வெளியிலிருந்து வாங்கும் பாகங்களுக்கே போகிறது. அதில் நூற்றுக்கு ஒரு ரூபாய் குறைத்தவரின் உழைப்பு லாபக் கணக்கில் பளிச்சென்று தெரியும். லைன் நிற்காமல் காத்தவரின் உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறாது. இது அநியாயம் என்றே நினைக்கிறேன். 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயை ஆறு நாள் அடைத்துக்கொண்டபோது, சரக்கை வேறு வழியில் கொண்டுவர ராத்திரி பகலாக அலைந்தவர்கள் யார் என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே வருஷத்தை மட்டும் எண்ணிப் பயனில்லை. ஒரே நாற்காலியில் பத்து வருஷம் இருந்தவரைவிட, ஸ்டோர்ஸ், பிளானிங், இறக்குமதி, வெண்டர் பேச்சுவார்த்தை என்று நாலும் பார்த்தவருக்கே பெரிய கதவு திறக்கிறது.

ஊரும் சம்பளத்தை மாற்றும். முன்பு மத்திய விற்பனை வரிக்குப் பயந்து கம்பெனிகள் மாநிலத்துக்கொரு கோடவுன் வைத்திருந்தன. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் பலர் அவற்றைக் குறைத்துப் பெரிய கிடங்குகளாக்கினார்கள். முடிவெடுக்கும் நாற்காலிகள் பெருநகரங்களில் கூடின, கூடவே சம்பளமும். துபாய்க்குப் போனால் வருமான வரி இல்லை. ஆனால் வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் போக மிஞ்சுவதைத்தான் இங்குள்ள சம்பளத்தோடு ஒப்பிட வேண்டும்.

எனக்கு மனசு கேட்காத இடம் திருப்பூர். அங்கே ஒரு மெர்ச்சண்டைசர் நூல் வாங்குவதிலிருந்து சாயம், தையல், பையரின் ஒப்புதல் எல்லாம் துரத்தி, தூத்துக்குடியில் கன்டெய்னர் ஏறும்வரை தூங்குவதில்லை. சங்கிலி முழுவதும் அவர் கையில். கார்டில் மட்டும் 'சப்ளை செயின்' என்ற பதவிப் பெயர் இல்லை. அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அவர் 'மெர்ச்சண்டைசர்' என்று ஒரே சொல்லில் நிறுத்திவிடக் கூடாது. எத்தனை வெண்டர், எத்தனை கன்டெய்னர், எத்தனை கோடி ரூபாய் சரக்கு என்று வரிவரியாக எழுத வேண்டும்.