குழந்தை மனநல மருத்துவராக எந்தப் பட்டப்படிப்பு?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் நம் வீடுகளில் ஒரு பட்டிமன்றம் தொடங்கிவிடும். சயன்ஸ் எடுப்பதா, காமர்ஸ் எடுப்பதா? கணக்கை விடலாமா? இப்போதெல்லாம் இந்தப் பட்டிமன்றத்தில் ஒரு புதுக் குரலும் கேட்கிறது. "நான் சைக்காலஜி படித்துக் குழந்தைகளுக்கு மனநல டாக்டராகப் போகிறேன்" என்கிறார்கள் பிள்ளைகள்.

நல்ல ஆசைதான். ஆனால் அந்த ஒரே வாக்கியத்தில் இரண்டு தனித்தனித் தொழில்கள் கலந்திருக்கின்றன. இதை முதலில் பிரித்துப் பார்க்காவிட்டால் பின்னால் சில ஆண்டுகள் வீணாகிவிடும்.

மனநல மருத்துவர், அதாவது சைக்கியாட்ரிஸ்ட், ஒரு முழு டாக்டர். நோயைக் கண்டறிவார், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர், அதாவது கிளினிகல் சைக்காலஜிஸ்ட், சோதனைகள் மூலம் குழந்தையின் அறிவுத்திறன், கற்றல் குறைபாடு போன்றவற்றை அளந்து பார்ப்பார். பேச்சு மூலமும் பயிற்சி மூலமும் சிகிச்சை தருவார். அவர் மருந்து எழுத முடியாது. இருவரும் ஒரே பிரிவில் சேர்ந்து பணியாற்றுவார்கள் என்றாலும் அவர்கள் வந்த பாதைகள் வேறு.

டாக்டர் பாதை

இந்தியாவில் மனநல மருத்துவராக ஒரே வாசல் எம்.பி.பி.எஸ். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்து, நீட் தேர்வு எழுதிச் சேர வேண்டும். பயிற்சி ஆண்டையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள். பிறகு மனநல மருத்துவத்தில் எம்.டி. அல்லது டி.என்.பி. மூன்று ஆண்டுகள். இத்துடன் மனநல மருத்துவராகிவிடலாம். குழந்தைகளுக்கென்றே சிறப்புத் தகுதி வேண்டுமானால் டி.எம். என்னும் உயர்சிறப்புப் படிப்பு இன்னும் மூன்று ஆண்டுகள். பெங்களூர் நிம்ஹான்ஸ், சண்டிகர் பி.ஜி.ஐ. போன்ற சில இடங்களில்தான் இது இருக்கிறது. ஆக மொத்தம் பதினொன்றரை ஆண்டுகள். இடையில் நுழைவுத் தேர்வுகளுக்குச் செலவாகும் காலம் தனி.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர்கள், "முதலில் சைக்காலஜி டிகிரி முடிக்கட்டும், மெடிக்கல் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். அங்கே அது சரி. நான்காண்டுப் பட்டமும் தேவையான அறிவியல் பாடங்களும் முடித்த பிறகுதான் அங்கே மருத்துவக் கல்லூரியில் சேர்கிறார்கள். இங்கே அப்படியில்லை. பி.ஏ. சைக்காலஜி முடித்தவரும் நீட் எழுதி முதலாண்டு எம்.பி.பி.எஸ்.ஸில்தான் சேர வேண்டும். பிளஸ் டூவில் உயிரியல் படிக்காதவர் உடனே நீட் எழுதவும் முடியாது.

உளவியல் பாதை

பி.ஏ. அல்லது பி.எஸ்ஸி. சைக்காலஜி, பிறகு முதுகலை, அதன்பின் இரண்டாண்டு எம்.ஃபில். இதுதான் பல ஆண்டுகளாக இருந்து வந்த வழி. பி.ஏ.வா, பி.எஸ்ஸி.யா என்று தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கவனிக்க வேண்டியது இந்திய மறுவாழ்வு மன்றத்தின் அங்கீகாரத்தைத்தான். அந்த மன்றத்தில் பதிவு செய்தவரே மருத்துவ உளவியலாளராகத் தொழில் நடத்தலாம். வெறும் எம்.ஏ. போதாது. புதிய கல்விக் கொள்கைக்குப் பின் எம்.ஃபில். உள்ளிட்ட படிப்புகளை மாற்றி அமைத்து வருகிறார்கள். எனவே சேரும் ஆண்டில் மன்றத்தின் பட்டியலைப் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.

குழந்தைகளோடு பணியாற்ற வேறு நல்ல பட்டப்படிப்புகளும் உண்டு. பேச்சுப் பயிற்சிக்கு பி.ஏ.எஸ்.எல்.பி. இருக்கிறது. 1965ல் தொடங்கிய மைசூர் அகில இந்திய பேச்சு, செவித்திறன் நிறுவனம் இதற்குப் பெயர் பெற்றது. ஆக்குபேஷனல் தெரபி, சிறப்புக் கல்வியில் பி.எட். ஆகியவையும் இருக்கின்றன. ஆட்டிசம் உள்ள ஒரு குழந்தைக்கு இவர்கள் அத்தனை பேரும் தேவை.

இரண்டு வாசலையும் திறந்து வைக்க

பதினைந்து வயதுப் பிள்ளையால் திட்டவட்டமாக முடிவெடுக்க முடியாமல் போவது இயல்புதான். சி.பி.எஸ்.இ.யில் சைக்காலஜி ஒரு விருப்பப் பாடம். ஆங்கிலம், இயற்பியல், வேதியியல், உயிரியல் இவற்றோடு ஐந்தாவது பாடமாக அதை எடுத்தால் நீட்டும் எழுதலாம், உளவியல் பட்டத்துக்கும் போகலாம். எல்லாப் பள்ளிகளிலும் இந்தச் சேர்க்கை கிடைக்காது. முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இன்னொரு விஷயமும் முக்கியம். அரசு மருத்துவக் கல்லூரிகளில் 15 சதவீத இடங்கள் அகில இந்திய ஒதுக்கீடு, மீதி அந்தந்த மாநிலத்துக்கு. தமிழகத்தைப் பூர்வீகமாகக் கொண்டு வெளியே படித்தவர்கள், உரிய சான்றிதழ்களோடு தமிழக ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. ஆனால் இரண்டு மாநிலங்களில் உரிமை கோரக் கூடாது. இப்போதிருக்கும் மாநிலமா, சொந்த ஊரா என்று இரு மாநிலங்களின் விதிகளையும் அந்தந்த ஆண்டின் விண்ணப்பக் குறிப்பேட்டில் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். சான்றிதழ் வாங்கத் தாசில்தார் அலுவலகத்துக்கு நடக்க வேண்டியிருக்கும். கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள்.

"பைத்தியத்துக்கு வைத்தியமா?"

எம்.பி.பி.எஸ். முடித்த பெண் மனநலம் எடுக்கிறேன் என்றால், "இருதயம், எலும்பு எல்லாம் இருக்க, பைத்தியத்துக்கா வைத்தியம்?" என்று கேட்கும் பெரியவர்கள் இன்றும் உண்டு. 2015-16ல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்பு இருப்பது தெரிய வந்தது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் இது மூன்று பிள்ளைகள். அவர்களில் ஒருவர் நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

இந்த வேலைக்கு மொழி பெரிய கருவி. பயந்துபோன ஐந்து வயதுக் குழந்தை தன் வீட்டு மொழியில்தான் வாய் திறக்கும். வீட்டில் தமிழும், தெருவில் இந்தியோ கன்னடமோ, பள்ளியில் ஆங்கிலமுமாக வளரும் நம் பிள்ளைகளுக்கு அந்தக் கருவி இப்போதே கையில் இருக்கிறது. தமிழை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

பத்தாம் வகுப்பில் பிள்ளை இருக்கும் வீடுகளில் தேர்வு முடிவுக்குக் காத்திராமல் இந்தப் பேச்சை இப்போதே தொடங்குங்கள். "உனக்கு மருந்து தரும் வேலை பிடிக்குமா, பேசிப் பழக்கும் வேலை பிடிக்குமா?" என்று முதலில் கேளுங்கள். குரூப்பைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு இருக்கட்டும்.