ஜாக் கிர்பி: வரைந்த கையும் உரிமை கொண்ட நிறுவனமும்

2018இல் வெளிவந்த ‘பிளாக் பாந்தர்’ திரைப்படத்தைக் கறுப்பின மக்கள் தங்கள் படமாகவே கொண்டாடினர். அதன் நாயகன் முதலில் தோன்றியது 1966இல், ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ சித்திரக்கதையின் 52ஆம் இதழில். எழுத்தாளர் ஸ்டான் லீயுடன் இணைந்து அவனை உருவாக்கிய ஓவியர் ஜாக் கிர்பி. ஆனால், மார்வெல் நிறுவனத்துக்காகத் தாம் உருவாக்கிய எந்தப் பாத்திரமும் கிர்பிக்குச் சொந்தமாக இருந்ததில்லை.

கிர்பி 1917இல் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில், ஆஸ்திரியாவிலிருந்து குடியேறிய யூதத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தார். தந்தை ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். 1930களில் ஃபிளைஷர் அனிமேஷன் நிறுவனத்தில் ‘பாப்பாய்’ படங்களுக்கு இடைப்படங்கள் வரைந்தார் கிர்பி. ஓர் அசைவின் முக்கிய நிலைகளை மூத்த ஓவியர்கள் வரைவர். நடுவிலுள்ளவற்றை நிரப்புவது இவர் வேலை. அதுவும் தந்தையின் தொழிற்சாலையைப் போன்றதே என்று பின்னாளில் அவர் நினைவுகூர்ந்தார். அங்கிருந்து சித்திரக்கதைக்கு வந்தவர், ஜோ சைமனுடன் சேர்ந்து ‘கேப்டன் அமெரிக்கா’வை உருவாக்கினார். 1941 மார்ச் எனத் தேதியிட்ட முதல் இதழின் அட்டையில் நாயகன் ஹிட்லரின் முகத்தில் குத்துகிறான். அமெரிக்கா அப்போது போரில் இறங்கியிருக்கவில்லை.

1960களில் ஹல்க், தோர், எக்ஸ்-மென் ஆகியோர் கிர்பி, லீ இருவரின் கூட்டுழைப்பில் பிறந்தனர். கிர்பி வீட்டிலிருந்தபடி, தம் சொந்தச் செலவில் வாங்கிய தாளிலும் பென்சிலிலும் வரைந்தார். பக்கத்துக்கு இவ்வளவு என்பதே கூலி. மருத்துவக் காப்பீடோ ஓய்வூதியமோ கிடையாது.

அவர் 1994இல் மறைந்தார். 2009இல் அவருடைய பிள்ளைகள், பழைய உரிமை மாற்றங்களை முடிவுக்குக் கொண்டுவர அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் தரும் வாய்ப்பைப் பயன்படுத்தி மார்வெலுக்கு அறிவிப்பு அனுப்பினர். ‘கூலிக்குச் செய்த படைப்பு’க்கு அந்த வாய்ப்பு இல்லை என்பது மார்வெலின் வாதம். 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றது. யாருடைய தூண்டுதலில், யாருடைய செலவில் படைப்பு உருவானது என்பதே அங்கு அளவுகோல். பக்கத்துக்குக் கூலி கொடுத்து இழப்பின் அபாயத்தை ஏற்றது நிறுவனமே என்றது தீர்ப்பு. யார் கற்பனை செய்தார், யார் வரைந்தார் என்பவை அந்த அளவுகோலுக்குள் வரவில்லை.

முரண் இங்கேதான் இருக்கிறது. படைப்பின் உரிமை என்று வரும்போது கிர்பி வேலையாள். வேலையாளுக்குரிய பாதுகாப்பு என்று வரும்போது அவர் வெளியாள். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களுக்காக வழக்காடுவோர் இந்த இரட்டை நிலையை நன்கு அறிவர்.

கைப்பட வரைந்த மூலப் பக்கங்களைப் பெறுவதற்கே அவர் போராட வேண்டியிருந்தது. மற்ற ஓவியர்களிடம் சுருக்கமான படிவத்தில் கையொப்பம் கேட்ட நிறுவனம், 1984இல் இவரிடம் மட்டும் உரிமைகளை விட்டுக்கொடுக்கும் நான்கு பக்கப் பத்திரத்தை நீட்டியது. சக ஓவியர்களின் பகிரங்க ஆதரவுக்குப் பின், 1987இல் சுமார் 2,000 பக்கங்கள் திரும்பின. அவர் வரைந்ததில் அது சிறு பகுதியே. அந்த ஆண்டுகளில் அவருக்கு முறையான ஊதியமும் மருத்துவக் காப்பீடும் அளித்தது, இளமையில் தொடங்கிய அதே அனிமேஷன் துறை. ரூபி-ஸ்பியர்ஸ் நிறுவனத்தில் அவர் பணியாற்றினார்.

பிள்ளைகளின் வழக்கு உச்ச நீதிமன்றத்தின் பரிசீலனைக்கு வரவிருந்த வேளையில், 2014 செப்டம்பரில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. அதன்பின் மார்வெல் இதழ்களில் படைப்பாளராக லீயின் பெயருடன் கிர்பியின் பெயரும் இடம்பெறுகிறது. வழக்கு சமரசத்தில் முடிந்ததால், 2013 தீர்ப்பு அப்படியே நிற்கிறது. பெயர் திரும்பியது, உரிமை திரும்பவில்லை.