ஆவுளியாவின் கன்று

குட்டிக்குப் பாலூட்டி வளர்க்கும் பிராணிக்குக் கடல் எளிய இருப்பிடமன்று. நீர், காற்றைவிட இருபத்தைந்து மடங்கு விரைவாக உடற்சூட்டைக் கவர்ந்துகொள்ளும். பிராணவாயுவுக்காக அடிக்கடி நீர்மட்டத்திற்கு வந்தாக வேண்டும். பிறந்த கணத்திலேயே நீந்தவும் தெரிந்திருக்க வேண்டும். கடல் வாழ் பாலூட்டிகள் இவ்விடர்களை ஒரே வழியில் தீர்த்துக்கொள்ளவில்லை. துருவக் கடல்களின் சீல் ஒரு கோடியில் நின்றால், நம் பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் வாழும் கடற்பசு மறுகோடியில் நிற்கிறது. தமிழகக் கடற்கரை மக்கள் இதனை ஆவுளியா என்பர்.

முதலில் சீல் குட்டியைக் காண்போம். வட அட்லாண்டிக் பெருங்கடலின் மிதக்கும் பனித்தட்டுகளில் குட்டி ஈனும் ஓர் இனம் உண்டு. அதன் ஆணின் தலையில் முக்காடு போன்றதொரு தோற்பை காணப்படும். இவ்வினத்தின் தாய் நான்கே நாட்கள்தாம் பாலூட்டுகிறது. அப்பாலில் ஏறக்குறைய அறுபது சதவிகிதம் கொழுப்பு. நான்கு நாட்களில் குட்டியின் எடை இருமடங்காகிவிடும். பிறகு தாய் அதனை விட்டு நீங்கிவிடுகிறது. பனித்தட்டு எப்போது உடையும் என்று சொல்ல முடியாத இடத்தில் நீண்ட தாய்மைக்கு இடமேது? தோலுக்கடியில் சேர்ந்த கொழுப்பே அக்குட்டிக்குக் கம்பளியும் கட்டுச்சோறும் ஆகும். யானைச்சீலின் குட்டியோ நான்கு வாரங்கள் பால் குடித்தபின், இரண்டு மூன்று மாதங்கள் எதுவும் உண்ணாமல் கரையிலும் கரையோர நீரிலும் கிடக்கிறது. அந்தப் பட்டினிக் காலத்தில்தான் அதன் இரத்தத்திலும் தசைகளிலும் பிராணவாயுவைத் தேக்கிவைக்கும் ஆற்றல் பெருகி, ஆழ்கடலில் மூழ்குவதற்கு உடல் தகுதி பெறுகிறது.

கடற்பசு இதற்கு நேர்மாறானது. அதன் நெருங்கிய உறவு சீலும் அன்று, திமிங்கிலமும் அன்று, யானையே. பெங்களூரை அடுத்த பன்னேருகட்டாவில் யானைக் கன்று தாயின் முன்னங்கால்களுக்கிடையே தலையை நுழைத்துப் பால் குடிப்பதைப் பார்த்த வாசகர்களுக்கு இவ்வுறவு எளிதில் விளங்கும். கடற்பசுவுக்கும் முலைகள் அடிவயிற்றில் இல்லை. துடுப்புகளின் பின்னே, அக்குளில், பக்கத்திற்கு ஒன்றாக இரண்டே உள்ளன. தாய் ஏறத்தாழ பதின்மூன்று, பதினான்கு மாதங்கள் சூல் கொண்டு ஒரு கன்றை ஈனுகிறது. பிறக்கும்போது கன்று ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளமும், இருபது முதல் முப்பத்தைந்து கிலோகிராம் எடையும் உடையது. சில வாரங்களிலேயே கடற்புல்லைக் கடிக்கத் தொடங்கினும், பாலை மறக்க ஒன்றரை ஆண்டு வரை ஆகும். அதுவரை அது தாயின் துடுப்பருகிலோ முதுகின் மேற்புறத்திலோ ஒட்டியே நீந்தும். இரண்டும் மெல்லிய கீச்சொலிகளால் ஒன்றையொன்று அழைத்துக்கொள்ளும்.

இந்த நீண்ட தாய்மை ஏன்? விடை உணவில் இருக்கிறது. சீல் உண்பது மீன். கொழுப்பும் புரதமும் நிறைந்தது. கடற்பசு உண்பதோ புல். வளர்ந்த கடற்பசு ஒன்று நாள்தோறும் முப்பது, நாற்பது கிலோகிராம் கடற்புல்லை வேரோடு கிளறித் தின்கிறது. நார் மிகுந்த இவ்வுணவைச் சீரணிக்க இருபத்தைந்து மீட்டருக்கும் மேல் நீளமுள்ள பெருங்குடலும், அங்கே குடியிருந்து நாரைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களும் வேண்டும். கன்று பிறக்கும்போது இந்நுண்ணுயிர்க் குடும்பம் அதன் குடலில் அமைந்திருப்பதில்லை. சிறுகச் சிறுகத்தான் நிலைபெறுகிறது. அது நிலைபெறும் வரை, வயிற்றில் புல் இருந்தும் கன்றுக்குப் போதிய ஊட்டம் கிடைக்காது. ஆகவே பால் இங்கு வெறும் துணை உணவன்று. குடல் பக்குவப்படும் வரை உயிரைத் தாங்கும் பாலம்.

மூச்சின் கணக்கையும் பார்க்க வேண்டும். சீல் மூழ்குமுன் நுரையீரலிலுள்ள காற்றைப் பெரும்பாலும் வெளியேற்றிவிட்டு, இரத்தத்திலும் தசையிலும் உள்ள சேமிப்பைக் கொண்டே காலங்கழிக்கும். கடற்பசு இனத்தில் இச்சேமிப்பு பெரிதன்று. நீண்டு தட்டையாக முதுகை ஒட்டிப் பரந்த நுரையீரலும், தோணியின் அடிப்பாரம் போல உடலைச் சமன்செய்யும் கனத்த எலும்புகளும் அதனை ஆழமற்ற நீரில் கிடையாக நிறுத்துகின்றன. வழக்கமாக இரண்டு மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறை அது மேலே வந்து மூக்குத்துளைகளைத் திறக்கும். உடல் சிறியதாக ஆக, ஒவ்வொரு கிலோகிராம் எடைக்கும் செலவாகும் பிராணவாயு மிகும், இருப்போ குறையும். கன்றின் நிலை இதுவே. அடித்தளத்தில் விரித்த செவுள்வலையில் துடுப்போ வாலோ சிக்கி, மேலே வர இயலாமற் போனால், சில நிமிடங்களில் அது மூச்சடைத்து இறந்துவிடும். வலையை இழுக்க மீனவர் வருவது பல மணி நேரம் கழித்து. அவர் கொல்ல எண்ணியதுமில்லை, அதனால் அவருக்கு ஆதாயமுமில்லை.

தாய் வலையில் சிக்கினாலோ கன்று இருமுறை இழக்கிறது: பாலையும் வழிகாட்டியையும். 2019-ஆம் ஆண்டு ஏப்ரலில் தாய்லாந்தின் கிராபிக் கரையில் தாயற்ற பெண் கன்று ஒன்று ஒதுங்கியது. ‘மரியம்’ என்று பெயரிட்டு, லிபோங் தீவருகே கடலிலேயே வைத்து, பாலும் கடற்புல்லும் ஊட்டி மருத்துவர்கள் அதனைப் பேணினர். ஆகஸ்டில் அது இறந்தது. அறுத்துப் பார்த்ததில், குடலை அடைத்த பிளாஸ்டிக் துண்டுகளும், நுரையீரலில் சீழும், இரத்தத்தில் பரவிய தொற்றும் காணப்பட்டன. எது உண்ணத்தக்கது என்பதைத் தாயின் பக்கத்திலிருந்து மாதக்கணக்கில் மேய்ந்து பழக வேண்டிய ஒரு பிராணிக்கு, அன்புமிக்க மனிதக் கைகள் ஈடாகவில்லை.

புல்வெளியின் நலமே கன்றின் நலம் என்பதற்கு ஆஸ்திரேலியா ஒரு கடுமையான சான்று தந்தது. 1992-இல் வெள்ளமும் புயலும் ஹெர்வி விரிகுடாவில் சுமார் ஆயிரம் சதுர கிலோமீட்டர் கடற்புல்லை அழித்தன. கடற்பசுக்கள் பல பட்டினியால் மாண்டன. பல வேறிடம் பெயர்ந்தன. அதற்குமுன் கூட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று கன்றாக இருந்தது. பின்னர் அப்பங்கு நூற்றுக்கு இரண்டளவாகச் சுருங்கியது. தாய் மெலிந்தால் சூல் கொள்வதையே அது தள்ளிப்போட்டுவிடும் போலும். கர்நாடகத்தின் மைசூரிலுள்ள இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆராய்ச்சியாளர்கள் அந்தமான், நிக்கோபார்த் தீவுகளில் கண்டதும் இதனோடு ஒத்துச் செல்கிறது: மேய்ந்தபின் மீண்டும் தளிர்க்கும் அளவுக்கு வளமுள்ள சில புல்வெளிகளையே கடற்பசுக்கள் ஆண்டுக்கணக்கில் விடாமல் நாடி வருகின்றன.

கொள்ளைநோய் பற்றியும் ஒரு சொல். சீல்கள் கரையில் நெருக்கமாகக் கூடி ஈனுவதால் தொற்று காட்டுத்தீப் போல் பரவும். 2023-இல் அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்தில் பறவைக் காய்ச்சல் வைரஸ் தாக்கி, அவ்வாண்டு பிறந்த யானைச்சீல் குட்டிகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டவை மடிந்தன. சிதறி வாழும் கடற்பசுக்களுக்கு இத்தகைய அபாயம் குறைவு. ஆயினும் அவற்றின் எண்ணிக்கை ஏறும் வேகம் மிகக் குறைவு என்பதை மறக்கலாகாது. பெண் கடற்பசு முதற்கன்றை ஈனப் பத்தாண்டு போலாகலாம். கன்றுக்கும் கன்றுக்கும் இடையே மூன்று முதல் ஏழு ஆண்டுகள் செல்லும். எல்லாம் நலமாக அமைந்தாலும் கூட்டம் ஆண்டுக்கு ஐந்து சதவிகிதத்திற்கு மேல் பெருகாது. நூறு பிராணிகள் உள்ள ஒரு கடற்பகுதியில் ஆண்டுக்கு ஓரிரு வளர்ந்த பெண்கள் கூடுதலாக வலையில் இறந்தாலே பெருக்கம் தேய்வாக மாறிவிடக்கூடும். இந்தியக் கடல்களில் எஞ்சியிருப்பவை சில நூறுக்கு மேற்படா.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கடற்பசுவுக்கு முதல் அட்டவணையின் உயர்ந்த காப்பை அளித்திருக்கிறது. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை இந்தியாவின் முதற் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. எனினும் வலையை விரிப்பவரும் வலையிலிருந்து விடுவிப்பவரும் மீனவரே. உயிருடன் சிக்கிய ஆவுளியாவை வலையை அறுத்துக் கடலில் விட்ட மீனவர்கள் அக்கரையில் உண்டு; வலையின் விலை தெரிந்தவர்களுக்கே அச்செயலின் பெறுமதி புரியும்.

கன்று வலையில் உயிருடன் இருந்தால், அதன் மூக்குத்துளைகளை நீருக்கு மேல் தாங்கிப் பிடித்து, வலையை அறுத்து, அந்த இடத்திலேயே விட்டுவிடுவது நன்று. தாய் அருகில் சுற்றிக்கொண்டிருக்கக்கூடும். தனியே கரை ஒதுங்கிய கன்றாயின், ஈரத்துணி போர்த்தி நிழல் செய்து, மூக்குத்துளைகளில் நீரும் மணலும் புகாமல் காத்து, உடனே வனத்துறைக்குச் சொல்லியனுப்ப வேண்டும். பசும்பால் புகட்டலாகாது.