தோற்ற அணிக்கு முதல் தெரிவு

சல்லி முத்துமாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வரும் பிள்ளைகளில் சிலர் வெள்ளை மேப்பிள் இலை பதித்த நீலச் சட்டை போட்டிருப்பார்கள். ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் என்ற ஐஸ் ஹொக்கி அணியின் சட்டை அது. அந்த அணி ஐஸ் ஹொக்கி லீக்கின் வெற்றிக் கிண்ணமான ஸ்ரான்லி கிண்ணத்தைக் கடைசியாக வென்றது 1967இல். "காசுள்ள அணிதானே, நல்ல ஆட்களை வாங்கிப் போட்டால் என்ன?" என்று ஊர்ப் பெரியவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாகப் பார்ப்போம்.

நினைத்தபடி வாங்க முடியாது. என்எச்எல் எனப்படும் தேசிய ஹொக்கி லீக்கில் ஓர் அணி சம்பளத்துக்கு இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று உச்சவரம்பு உண்டு. அதைப் பற்றிய பிணக்கில் 2004–05 பருவம் முழுவதுமே நடக்காமல் போனது. பணக்கார ரொறன்ரோவுக்கும் சிறிய நகரத்து அணிக்கும் ஒரே வரம்புதான்.

அதற்குள் நின்று ஆள் சேர்க்க மூன்று வழிகள். முதலாவது டிராஃப்ட்: பதினெட்டு வயதையொட்டிய இளைஞர்களை அணிகள் ஆண்டுதோறும் ஏழு சுற்றுகளாக, முறைவைத்துத் தெரிவுசெய்யும். பின்தங்கிய அணிக்கு முன்வரிசை. வேண்டுமென்றே தோற்று முதலிடத்தைப் பிடித்துவிடக் கூடாது என்பதற்காகச் சீட்டுக் குலுக்கலும் உண்டு. அடுத்தது பரிமாற்றம். ஆளுக்கு ஆள் மாற்றலாம்; இன்னும் நடக்காத டிராஃப்டின் தெரிவுரிமையையும் கொடுக்கலாம். ஒப்பந்தம் முடிந்து எந்த அணிக்கும் போகலாம் என்ற நிலையிலுள்ள மூத்த வீரரை விலைபேசி எடுப்பது மூன்றாம் வழி.

பரிமாற்றத்தில்தான் ரொறன்ரோ சறுக்கியது. 2009இல் பில் கெஸல் என்ற வீரரை எடுப்பதற்காக 2010, 2011ஆம் ஆண்டுகளின் முதல் சுற்றுத் தெரிவுகளையும் ஓர் இரண்டாம் சுற்றுத் தெரிவையும் பொஸ்ரன் அணிக்குக் கொடுத்தது. வரப்போகும் பருவத்து மீனைக் காட்டி முதலாளியிடம் முற்பணம் வாங்குகிற மாதிரியான வேலை இது. கெஸல் நன்றாகவே கோல் அடித்தார், அவரில் பிழையில்லை. ஆனால் அந்தப் பருவம் அணி அடிமட்டத்துக்குப் போனது. கைமாறிய 2010 தெரிவு அந்த டிராஃப்டில் இரண்டாவது ஆளை எடுக்கும் உரிமையாகிவிட்டது. பொஸ்ரன் அதில் ரைலர் செகினை எடுத்தது. 2011இல் கிண்ணமும் பொஸ்ரனுக்கே.

பிறகுதான் ரொறன்ரோ பொறுமைக்கு வந்தது. 2014இல் எட்டாவது தெரிவாக வில்லியம் நைலாண்டர், 2015இல் நான்காவதாக மிச் மார்னர். அதே 2015இல் கெஸலைப் பிற்ஸ்பேர்க் அணிக்கு அனுப்பியது. 2015–16இல் முப்பது அணிகளில் கடைசி. குலுக்கலில் 20 சதவீத வாய்ப்பு, விழுந்தது. வந்தவர் ஒஸ்ரன் மத்யூஸ். முதல் ஆட்டத்திலேயே நான்கு கோல்.

இங்கே கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று இருக்கிறது. புதிதாக வரும் இளைஞரின் முதல் ஒப்பந்தம் மூன்று ஆண்டு, அதில் சம்பளத்துக்குத் தனி எல்லை. நட்சத்திரமே ஆனாலும் அந்த மூன்று ஆண்டும் மலிவு. மீளக் கட்டும் அணிக்கு அதுதான் பொற்காலம். ரொறன்ரோ அந்தக் காலத்தில், 2018இல், சின்ன வயதில் லீஃப்ஸ் படுக்கை விரிப்பில் தூங்கிய ஜோன் ரவாரஸை ஏழு ஆண்டுக்கு 77 மில்லியன் டொலர் கொடுத்து எடுத்தது. அடுத்து இளைஞர் மூவருக்கும் பெரிய ஒப்பந்தம் எழுத வேண்டி வந்தது. 2019–20இல் உச்சவரம்பு 81.5 மில்லியன், அதில் ஏறத்தாழ பாதி இந்த நால்வருக்கே போனது. வரம்பு ஆண்டுதோறும் உயரும் என்று போட்ட கணக்கைக் கொரோனா குலைத்தது. காவலுக்கும் தடுப்புக்கும் ஆளெடுக்க மிச்சமில்லை. உள்ளூர்ப் பிள்ளை ஸக் ஹைமனைக்கூட 2021இல் எட்மன்ரன் அணியிடம் விட்டுவிட்டார்கள். 2023–24இல் அவர் அங்கே 54 கோல் அடித்தார்.

2017 முதல் 2025 வரை ஒவ்வோர் ஆண்டும் கிண்ணத்துக்காகப் பருவத்துக்குப் பின் நடக்கும் கட்டத்துக்குள் ரொறன்ரோ நுழைந்தது. வென்றது இரண்டே தொடர்கள், 2023இலும் 2025இலும். 2025 கோடையில் மார்னர் வேகஸ் அணிக்குப் போய்விட்டார்.

நட்சத்திரங்களைத் திட்டுவோர் பலர். நான் அந்தப் பக்கமில்லை. தெரிவுசெய்த பிள்ளைகள் சரியான பிள்ளைகள்தான். அவர்களைச் சுற்றி மலிவான, துடிப்பான அடுத்த வரிசையை வளர்க்காமல், ஓட்டை விழும் போதெல்லாம் நாளைய தெரிவை விற்று அடைத்ததுதான் பிழை. 2025 மார்ச்சிலும் பிரண்டன் கார்லோ என்ற தடுப்பு வீரருக்காக 2026இன் முதல் சுற்றுத் தெரிவை, முதல் ஐந்துக்குள் விழுந்தால் தருவதில்லை என்ற நிபந்தனையோடு, விற்றார்கள். வாங்கியது மறுபடியும் பொஸ்ரன்.